எலும்பு கூடிய வருஷம்

கொற்கையைச் சுற்றிய வயல்காட்டில் இசக்கித்தாயின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. நடவு நாட்களில் தெருமுனையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், உலை வைத்தவள் அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவாள். இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், யார் எந்தப் பாத்தியில் இறங்குவது, யார் நெருக்கி நடுகிறாள், யார் பேச்சுக்கு நடுவே நாற்றை வேரோடு முறிக்கிறாள் என்று எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். வயது முப்பத்தெட்டு. பிள்ளை இல்லை. அந்தக் குறையை ஊர் பேசி முடித்து, அவளும் அழுது முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

புருஷன் செந்தூர்பாண்டி மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு போவார், வரப்போடு வருவார். கேட்டதற்கு ஒரு தலையாட்டல், அதற்கு மேல் கேட்டால் ஒரு சிரிப்பு. "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிடுதேன்" என்பாள் இசக்கித்தாய்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், பிசானப் பருவத்து அறுவடை. வயலிலிருந்து களத்துக்குக் கதிர்க்கட்டு சுமந்துகொண்டிருந்தார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டிருந்த பனந்தடியில் இசக்கித்தாய் எத்தனையோ வருஷமாக நடந்திருக்கிறாள். அன்று முன்னால் போனவளின் கால் சேறு அதில் வழுவழுவென்று அப்பியிருந்தது. தலையில் கட்டோடு முன்பக்கமாக விழுந்தாள். மோவாய் எதிர்க்கரைக் கல்லில் அடித்து, தலை பின்னுக்கு மடங்கியது. கட்டு அவள் முதுகின்மேல் உருண்டு வாய்க்காலுக்குள் போய் விழுந்தது.

யாரும் தூக்கிவிடாமல் தானாகவேதான் எழுந்து உட்கார்ந்தாள். கை அசைந்தது, கால் அசைந்தது. மோவாயில் ரத்தம் வடிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. தலைதான் தன்னுடையதாக இல்லை. இரண்டு கையாலும் காதுகளுக்குக் கீழே அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிடியை விட்டால் தலை எந்தப் பக்கம் சாயுமென்று தெரியாத பயம்.

"என்னக்கா, தலை கழண்டா விழுந்துரும்?" என்று பின்னால் வந்தவள் சிரித்தாள்.

"விழுந்துரும்போலதான் இருக்கு" என்றாள் இசக்கித்தாய். அவள் சொன்ன விதத்தில் எல்லோரும் கட்டை இறக்கி வைத்துவிட்டார்கள்.

தலையைப் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தாள். படுக்கவும் முடியவில்லை, படுத்தால் எழவும் முடியவில்லை. மறுநாள் காலையில் ஆத்தூரிலிருந்து அண்ணன் வெள்ளத்துரை வந்து இறங்கினான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். தங்கச்சி என்றால் உயிர். வரும்போதே சுளுக்கு வழிக்கிற பெரியவர் ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருந்தான். அவர் எண்ணெயைச் சூடு பண்ணச் சொல்லி, அவளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, "கண்ணை மூடிக்கோ தாயி, ஒரு சொடக்குதான்" என்று இரண்டு உள்ளங்கையையும் அவள் தாடையில் வைத்தார்.

"வேண்டாம்" என்றார் செந்தூர்பாண்டி.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"மச்சான், இவரு எத்தனை பேருக்கு எடுத்துவிட்டிருக்காரு தெரியுமா?" என்றான் வெள்ளத்துரை.

"தெரியும். எனக்கே எடுத்துவிட்டிருக்காரு. ஆனா இவ நேத்துலேருந்து கையை எடுக்கலை. அவளே விடமாட்டேங்கிற தலையை வேற யாரும் தொட வேண்டாம். தூத்துக்குடிக்குக் கொண்டுபோறேன்."

ஏன் அப்படிச் சொன்னாரென்று பின்னாளில் கேட்டபோதும் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான் என்றார்.

நார்க்கட்டிலில் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் உமி மூட்டையை அண்டை கொடுத்து, நாலு பேர் மெயின் ரோடு வரைக்கும் சுமந்தார்கள். வாழைத்தார் ஏற்றிப்போன ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். தார்களை ஒதுக்கி, வாழைச்சருகை மெத்தையாகப் பரப்பி, கட்டிலோடு அவளை உள்ளே வைத்தார்கள். டிரைவர் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினார். "தாரு ஒருநாள் பிந்தினாப் பழுக்கத்தானே செய்யும்" என்றாராம். வழியெல்லாம் வானத்தையும் புருஷனுடைய மோவாயையும் பார்த்துக்கொண்டே போனாள் இசக்கித்தாய்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்த கொஞ்ச நேரத்தில் எலும்பு டாக்டரே எழுந்து வெளியே வந்துவிட்டார். "இவங்களை யாரும் தூக்கி உக்கார வைக்கக்கூடாது" என்று சொல்லி, தலைக்கு இருபுறமும் மணல் பைகளை வைக்கச் சொன்னார். பிறகு செந்தூர்பாண்டியை அருகே அழைத்து, அவளுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"கழுத்துல மொத்தம் ஏழு எலும்பு. மேலேயிருந்து ரெண்டாவது, பின்பக்கம் ரெண்டு இடத்துல விரிசல் விட்டிருக்கு. உள்ளே போற நரம்புத்தண்டு தப்பிச்சிருக்கு. அதனாலதான் கை கால் அசையுது. ஆபரேஷன் தேவையில்லை. எலும்பைச் சரியான இடத்துல இழுத்து நிறுத்தி வச்சு, அசையாம இருந்தா அது தானாக் கூடிடும்."

"எத்தனை நாளு ஐயா?" என்றார் செந்தூர்பாண்டி.

"படுக்கையில ஆறு வாரம். அப்புறம் மாவுக்கட்டு ஒரு மூணு மாசம்."

"யாராவது கழுத்தை நெட்டி எடுத்திருந்தா?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, "எடுக்கலையே, விடுங்க" என்றார்.

இழுத்து நிறுத்துவது என்றால் என்னவென்று மத்தியானம் தெரிந்தது. காதுகளுக்கு மேலே மண்டையோட்டின் வெளிப்பக்கத்தில் பக்கத்துக்கொன்றாகச் சிறு குழி போட்டு, ஓர் இரும்பு இடுக்கியை அதில் பொருத்தி, அதிலிருந்து கயிறு. கயிறு கட்டிலின் தலைமாட்டில் ஒரு கப்பி வழியாக இறங்கி, நுனியில் எடை தொங்கும். அதற்கு முதலில் முடியை எடுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. நர்ஸ் பிலோமி, கடற்கரைத் தெருப் பெண், கத்திரியை வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"எடும்மா. செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டதா நினைச்சுக்கிடுதேன்" என்றாள் இசக்கித்தாய். சொல்லிவிட்டாளே ஒழிய, கத்திரிச் சத்தம் காதருகே கேட்டபோது கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கத் தலையைத் திருப்ப முடியாது. பிலோமி பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் குழி போட்டார்கள். வலியைவிட அந்தக் கரகரச் சத்தம்தான் வெகுநாள் அவளை விடவில்லை. எடையைத் தொங்கவிட்டதும், முந்தின நாளிலிருந்து பிடரியில் கடித்துக்கொண்டிருந்த வலி மெல்ல வாயைத் திறந்து பிடியை விட்டது. அப்போதுதான் அவள் கைகளை இறக்கினாள்.

மறுநாள் செந்தூர்பாண்டியைக் காணவில்லை. சாயங்காலம் அவள் முகத்துக்கு நேரே குனிந்தபோது அவர் தலை மொட்டையாகி, மழமழவென்று சந்தனம் பூசியிருந்தது.

"நீங்க எதுக்கு மொட்டை போட்டீக?"

"நீ நேந்துக்கிட்டேன்னு சொன்னேல்லா. ரெண்டு பேருக்கும் சேத்து முடிச்சுட்டு வந்தேன்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுக்கி இழுத்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் என்பது ஒரு கூரை. ஒரு மின்விசிறி, ஈரம் பாய்ந்த ஒரு கறை, உத்தரத்தில் கூடு கட்டிய ஊர்க்குருவி. வயல்காட்டில் நாலு திசையிலும் கண் வைத்திருந்தவளுக்கு அது சிறையை விடக் கேவலமாக இருந்தது. முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுவார்கள். பிலோமி தலையையும் கழுத்தையும் அணைத்துப் பிடிக்க, ஆயாவும் செந்தூர்பாண்டியும் தோளையும் இடுப்பையும் பிடித்து, "கட்டை மாதிரி, ஒரே சீரா" என்று மெல்லச் சாய்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடையில் நீர் திருப்புகிற அதே கவனத்தோடு அவர் அவளைத் திருப்புவார். கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுவார். சிந்தினால் துண்டால் ஒற்றுவார். வயலை யார் பார்க்கிறார்களென்று கேட்டால், "பாத்துக்கிடுதாக" என்பார்.

ஒரு நாள் அவர் ஊருக்குப் போயிருந்தார். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அழாதீங்க அக்கா. நானும் இங்கன கயித்துலதான் கிடக்கேன்."

"யாரும்மா நீ?"

"ருகையா. காயல்பட்டணம். தட்டட்டி மாடிப் படியில வழுக்கித் தொடை எலும்பு போச்சு. காலுல கம்பியைக் குத்தி எடையைத் தொங்கவிட்டிருக்காங்க. உங்களுக்குத் தலைமாட்டுல, எனக்குக் கால்மாட்டுல."

இசக்கித்தாய்க்குத் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. பார்க்காமலேயே அந்தப் பெண்ணோடு பழகினாள். ருகையா சாய்ந்து படுத்திருந்ததால் வார்டு முழுதும் அவளுக்குத் தெரியும். பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். வாசல் கட்டிலுக்குப் புதிதாக வந்தவளுக்கு என்ன காயம், டாக்டர் இன்று என்ன சட்டை, ஜன்னல் வழியே எத்தனை உப்பு லாரி போகிறது, துறைமுகத்துப் பக்கம் போகிற ஆட்கள் சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கை எங்கே மாட்டியிருக்கிறார்கள். இசக்கித்தாய் பதிலுக்கு நடவுக்காரிகள் ஒவ்வொருத்தியையும் பற்றிச் சொல்லுவாள். ஒரு வாரத்தில் அந்த இருபது பேரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது ருகையாவுக்கு அத்துபடி. குரலை வைத்து இசக்கித்தாய் அவளை ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் வயதானவளாக மனதில் வரைந்து வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் வெள்ளத்துரை ஒரு வாடகைக் காரோடு வந்தான். மேலேயிருந்து இரண்டு ஆண் குரல்கள் மோதுவது மட்டும்தான் இசக்கித்தாய்க்குக் கேட்டது.

"மண்டையில ஓட்டையைப் போட்டு எடையைத் தொங்கவிட்டா எலும்பு எங்கன கூடும், மச்சான்? நாட்டுக்கட்டு போடுத ஆள்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவோம்."

"அவ சொல்லட்டும்" என்றார் செந்தூர்பாண்டி.

"அவளுக்கு என்ன தெரியும்? கிடந்து கிடந்து நைஞ்சு போயிட்டா."

"அண்ணே" என்றாள் இசக்கித்தாய். "என் முகத்துக்கு நேரா வா. எனக்கு உன்னையத் தெரியலை."

வெள்ளத்துரை குனிந்தான். கோபமாக இருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். கன்னத்தில் சவரம் செய்யாத நரை முளைத்திருந்தது.

"என் கையைப் பாரு. விரலை மடக்குதேன் பாரு. காலைப் பாரு, ஆட்டுதேன். இது அம்புட்டும் மிச்சம் இருக்கு. கார்ல போகையில ஒரு குலுக்கலில அது போயிட்டா யாரு பொறுப்பு? நான் நம்ம தெருவுக்கு நடந்து வரணும்ணே. நீங்க நாலு பேரு தூக்கிக்கிட்டு வரப்படாது."

வெள்ளத்துரை கொஞ்ச நேரம் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மடியிலிருந்து ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தான். மெல்ல முடியாதவளுக்கு வெற்றிலை எதற்கென்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். எடுத்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். மறு வாரத்திலிருந்து காரில்லாமல் பஸ்ஸில் வந்தான், வந்தால் புரட்டிப் போட ஒரு கை கொடுத்தான்.

ருகையாவின் புருஷன் அபுல் ஹஸன் துபாயில் வேலையாக இருந்தான். கடிதத்துக்குப் பதில் அவன் குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டாகக் கொடுத்து அனுப்புவான். தங்கை அஸ்மா டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டில்மேல் வைத்துத் தட்டிவிடுவாள். "ருகையா, நல்லாருக்கியா? கால் எப்படி?" என்று தொடங்கி அங்கே வெயில், கம்பெனிச் சாப்பாடு, அறையிலிருக்கும் ஆட்கள் என்று பேசிக்கொண்டே போவான். வார்டே வாயை மூடிக் கேட்கும். பதில் பதிவு செய்யும்போது ருகையா, "நான் நல்லாருக்கேன், உம்மா நல்லாருக்காங்க, அஸ்மா நல்லாருக்கா" என்று சொல்லி நிறுத்திவிடுவாள். மீதி நாடா வெறுமனே சுற்றும்.

"அக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று அஸ்மா மைக்கை இசக்கித்தாய் வாயருகே நீட்டினாள். மைக்கைக் கண்டதும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தம்பி, நான் அடுத்த கட்டில்காரி பேசுதேன். உங்க வீட்டுக்காரி கால் கூடிக்கிட்டு வருது. அவ உங்ககிட்ட நல்லாருக்கேன்னு சொல்லுதா. ஆனா கேசட்டு முடிஞ்ச பொறவு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கா. ஒரு நடை வந்துட்டுப் போங்க, ஐயா."

டேப்ரிக்கார்டர் 'டக்'கென்று நின்றது. "அழிச்சிரவா அக்கா?" என்றாள் அஸ்மா. "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் ருகையா.

ஆறு வாரம் முடிந்து மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு சரியான இடத்தில் நின்று, கூடத் தொடங்கியிருந்தது. இடுக்கியைக் கழற்றி மாவுக்கட்டு போட்டார்கள். இடுப்பிலிருந்து நெஞ்சு, தோள், கழுத்து, மோவாய், பிடரி, நெற்றி என்று எல்லாம் வெள்ளை மாவு; முகம் மட்டும் ஒரு ஜன்னல் போல வெளியே. ஈர மாவு சூடேறி இறுகியபோது பதனீர் காய்ச்சுகிற பானைக்குள் தன்னை வைத்துவிட்டதாக நினைத்தாள். காய்ந்த பிறகு மெல்ல எழுப்பி உட்கார வைத்தார்கள். அறை சுழன்று நின்றது. உடம்போடு சேர்த்து இடப்பக்கம் திரும்பினாள்.

குட்டையாக, உருண்டை முகத்தோடு, முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளியோடு, இருபத்தைந்து வயது மதிக்கிற ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா ருகையா?"

"நான்தான் அக்கா."

"இம்புட்டுப் பிள்ளையா நீ? நான் உன்கிட்ட என்னென்னவெல்லாம் பேசித் தொலைச்சேன்."

ருகையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இசக்கித்தாய்க்கு வாயை அகலத் திறக்க இடமில்லை. பல் இடுக்கு வழியாகத்தான் சிரிக்க முடிந்தது. ருகையாவுக்குக் காலில் இன்னும் எடை தொங்கிக்கொண்டிருந்தது. இசக்கித்தாய் ஊருக்குக் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தெருவில் அவள் சொன்னபடி நடந்துதான் வந்தாள். ஆனால் தரையைப் பார்க்கக் குனிய முடியாது. செந்தூர்பாண்டி முன்னால் போய்க்கொண்டே, "இங்கன கல்லு. இங்கன சாணி. படி வருது, வலது காலைத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மூன்று மாசமும் அப்படித்தான். அதுவரை வாழ்நாளெல்லாம் பேசாததை எல்லாம் அவர் பேசித் தீர்த்தார். நெல் மூட்டையில் சாய்த்துத் தூங்கவைத்தார். கத்திரி வெயிலில் மாவுக்குள் வேர்த்து அரிக்கும்போது அவள் பல்லைக் கடித்து அழுவாள். ஈர்க்குச்சியை விட்டுச் சொறியக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், பனையோலை விசிறியைக் கழுத்தோரத்தில் வைத்து உள்ளே காற்று போகும்படி வீசிக்கொண்டிருப்பார். தெருப்பிள்ளைகள் அவளுக்கு 'சிமெண்டு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவளால் துரத்த முடியவில்லை. அவர்தான் துரத்தினார், பாதி தூரம் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கார்ப் பருவத்து நடவு அவள் இல்லாமலே நடந்தது. முதல் நாள் முழுதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தாள். மறுநாள் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கே வந்து, யார் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுத்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஆடியில் மாவை வெட்டி எடுத்தார்கள். கழுத்து யாரோ ஒரு சின்னப் பெண்ணுடையது போல மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. தலை ஒரு மரக்கால் நெல்லாகக் கனத்தது. குனியச் சொல்லி ஒன்று, நிமிரச் சொல்லி ஒன்று என்று படம் எடுத்துப் பார்த்தார் டாக்டர். எலும்பு அசையவில்லை, நன்றாகக் கூடியிருந்தது. சிறிது காலத்துக்குக் கழுத்துப்பட்டை, தினமும் கொஞ்சம் பயிற்சி, தலைச்சுமை இனி எந்நாளும் கூடாது.

"பக்கவாட்டுல முழுசாத் திரும்பாது. அது உங்களுக்குப் பழகிடும்" என்றார்.

"திரும்பிப் பாக்க அங்கன என்ன இருக்கு ஐயா" என்றாள் இசக்கித்தாய். வெளியே வந்ததும், "இனிமே பின்னால யாரு என்ன பேசினாலும் நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று புருஷனிடம் சொன்னாள்.

முடி வளர்ந்தது. முதலில் குச்சி குச்சியாக நின்று, பிறகு சுருண்டு வந்தது. முன்பு அவளுக்குச் சுருட்டை கிடையாது. இடுக்கி இருந்த இரண்டு இடத்தில் மட்டும் காசளவு வழுக்கை. தோப்பிலிருந்து கனகாம்பரம் பறித்து வந்தால் செந்தூர்பாண்டி அந்த வழுக்கை மறையும்படி பார்த்து வைத்துவிடுவார்.

ஐப்பசியில் பிசான நடவு தொடங்கிய வாரம், வரப்போரமாக ஒரு கார் வந்து நின்றது. கையில் ஊன்றுகோலோடு ருகையா இறங்கினாள். அவள் பின்னால் வெளிநாட்டுச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவன், முழங்கையில் ஒரு பிளாஸ்க்கும் இரண்டு பைகளும் தொங்க, எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் நின்றான். அபுல் ஹஸன் லீவில் வந்திருந்தான்.

"அக்கா, என்னைய வரச் சொன்னது நீங்கதானே" என்றான் அவன்.

"சொன்னேன். ரெண்டு மாசமாவது இருப்பீகளா?"

"மூணு மாசம் அக்கா."

வரப்பில் சாக்கை விரித்து ருகையாவை உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்போடு அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். செந்தூர்பாண்டி மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு அபுல் ஹஸனைக் கூட்டிக்கொண்டு இளநீர் வெட்டப் போனார். பேச்சு காயல்பட்டணத்துக்குப் போய், ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய், பிலோமிக்குக் கல்யாணம் நிச்சயமான சேதிக்கு வந்து நின்றது. வயலில் முதுகைக் காட்டி நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"யக்கா, இங்கன நாத்து ரொம்ப நெருங்கிப் போச்சு. பிடுங்கி நடவா?"

இசக்கித்தாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னைக்கு ஒருநாள் எப்படி வேணாலும் நட்டுட்டுப் போங்க" என்றாள். "ஆளு வந்திருக்கு."